கர்னல் கிளார்க்கின் வீட்டுக் கடிதங்கள்: பழைய கையெழுத்தைப் படித்துத் தேதியிடும் முறை

வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரையும் வேதியியல் வகுப்பறையையும் ஒரே வாழ்நாளில் கண்டவர்கள் சிலர் உண்டு. ஹார்வி வாஷிங்டன் வைலி 1864-இல் இந்தியானாவின் 137-ஆவது காலாட்படையில் நூறு நாள் சேவைக்குச் சேர்ந்து, பத்து ஆண்டுகள் கழித்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். மிச்சிகனின் 12-ஆவது காலாட்படையில் மருத்துவராக இருந்த ராபர்ட் கெட்ஸி, 1862-இல் ஷைலோ போரில் சிறைப்பட்டு மீண்டு, மறு ஆண்டே மிச்சிகன் வேளாண் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராகி 1902-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வில்லியம் ஸ்மித் கிளார்க்கோ முதலில் பேராசிரியர், பிறகு படைத்தலைவர், பிறகு மறுபடியும் பேராசிரியர். இத்தகையவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அங்குள்ள நூலகங்களில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கிளார்க்கின் தாள்கள் ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலும், வைலியின் தாள்கள் வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் உள்ளன. அந்தக் காங்கிரஸ் நூலகம் 2018 முதல், தன்னிடமுள்ள கையெழுத்துப் பக்கங்களின் படங்களை இணையத்தில் வைத்து, எந்த நாட்டில் இருப்பவரும் படித்துத் தட்டச்சு செய்து உதவலாம் என்று வழி திறந்துவிட்டிருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரமும் ஒரு கணினியும் இருந்தால், தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்தபடியே இந்த வேலையைச் செய்யலாம்.

செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில், அது யாருக்கு, எந்த நாளில் எழுதப்பட்டது என்பதை நிறுத்தி நிதானமாகப் பார்ப்பதில்லை. போரைப் பற்றி மனைவிக்கு எழுதுவது ஒன்று, கல்லூரித் தலைவருக்கு எழுதுவது வேறொன்று, மேலதிகாரிக்கு எழுதுவது மற்றொன்று. கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தது. கிளார்க்கையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கடிதத்தைத் திறக்கும் முன்

ஒரு முழுத் தாளில் கடிதம் எழுதியவருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். கிளார்க்குக்கு என் தாளில் இருப்பது இதுதான்: 1826 ஜூலை 31-இல் மாசசூசெட்ஸின் ஆஷ்ஃபீல்டில் பிறப்பு, 1848-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம், 1852-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில், விண்கல் உலோகங்களின் வேதி அமைப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம், அதே ஆண்டில் ஆம்ஹர்ஸ்டில் பேராசிரியர் பதவி, 1861 ஆகஸ்டில் 21-ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்டில் (காலாட்படைப் பிரிவில்) மேஜர், 1862 பிப்ரவரியில் லெப்டினன்ட் கர்னல், மே மாதத்தில் கர்னல், 1863 ஏப்ரலில் பதவி விலகிக் கல்லூரிக்குத் திரும்புதல், 1867 முதல் 1879 வரை மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவர், இடையில் 1876-77-இல் ஜப்பானின் சப்போரோவில் வேளாண் கல்லூரியைத் தொடங்கி வைத்தல், 1886 மார்ச் 9-இல் மறைவு.

இந்தத் தாளால் உடனே கிடைக்கும் பயன், அவரை மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்பதைக் கொண்டே தேதி போடாத கடிதத்துக்கு ஒரு காலவரம்பு போட முடிவது. 'மேஜர்' என்று விளித்து எழுதிய கடிதம் 1861 ஆகஸ்டுக்கும் 1862 பிப்ரவரிக்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் 'கர்னல்' என்ற பட்டம் இந்த உதவியைச் செய்யாது. போர் முடிந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் ஊரார் அவரைக் கர்னல் என்றே அழைத்தார்கள்; நம் ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைச் சாகும்வரை 'ஹெட்மாஸ்டர்' என்பதைப் போல.

அடுத்தது உறவுமுறைத் தாள். இதற்கு நேரம் செலவழிக்கத் தயங்கக் கூடாது. கிளார்க்கின் மனைவி ஹேரியட் கியோபுவோலானி ரிச்சர்ட்ஸ் ஹவாய்த் தீவுகளில் மதப்பணியாற்றிய வில்லியம் ரிச்சர்ட்ஸின் மகள். அவருடைய நடுப்பெயர் ஹவாய் அரசி ஒருவரின் பெயர். சிறுவயதில் அவரும் அவருடைய சகோதரர் லைமனும் மாசசூசெட்ஸுக்கு வந்து, ஈஸ்ட்ஹாம்ப்டன் நகரில் பொத்தான் தொழிலால் செல்வரான சாம்வேல் வில்லிஸ்டனின் வளர்ப்புப் பிள்ளைகளானார்கள். 1853-இல் கிளார்க்கை மணந்தார். ஆகவே ஒரே பெண்ணை ரிச்சர்ட்ஸ், வில்லிஸ்டன், கிளார்க் என்று மூன்று குடும்பப் பெயர்களில் தேட வேண்டும். அவருடைய கடிதத்தில் 'அப்பா' என்று வந்தால் அது பெற்றவரா, வளர்த்தவரா, அல்லது மாமனாரான டாக்டர் ஏதர்டன் கிளார்க்கா என்பதை இடம் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். தமிழில் மாமா என்ற ஒரு சொல் தாய்மாமனையும் மாமனாரையும் குறிப்பதைப் போல, அந்தக் கால ஆங்கிலத்திலும் 'சகோதரர்' என்றால் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், மனைவியின் சகோதரராகவும் இருக்கலாம், ஒரே திருச்சபையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை போட்டு, அந்தப் பெயர் எந்தெந்த வடிவில் வருகிறது என்று குறித்து வாருங்கள். வில்லியம் கிளார்க் என்ற பெயரில் போரில் இருந்தவர்களுக்குக் கணக்கில்லை; எனவே இவருடைய நடுப்பெயரின் முதலெழுத்தையும் ரெஜிமென்ட் எண்ணையும் சேர்க்காமல் எந்தப் பட்டியலிலும் தேடாதீர்கள்.

தேதியை நம்பாமல் சோதிப்பது

கடிதத்தின் தலையில் தேதி இருந்தால் அது முடிந்த விஷயம் என்று எண்ணக் கூடாது. ஜனவரியில் பழைய ஆண்டையே எழுதிவிடுவது அன்றும் இருந்த பழக்கம். வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க்குக்கு எதிரே உள்ள முகாமிலிருந்து எழுதியதாகச் சொல்லும் ஒரு கடிதத்தில் 1862 ஜனவரி 3 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 21-ஆவது மாசசூசெட்ஸ் அந்த நாளில் மேரிலாந்தின் அனாபொலிஸில் கப்பலேறக் காத்திருந்தது. ஃபிரெடரிக்ஸ்பர்க் போர் நடந்தது 1862 டிசம்பரில். எனவே அந்தக் கடிதம் 1863-ஐச் சேர்ந்தது; எழுதியவர் கை பழைய ஆண்டிலேயே நின்றுவிட்டது. திருத்திய ஆண்டை நீங்கள் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம், ஆனால் அவர் எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது.

கிழமை மட்டும் இருந்தால் நூற்றாண்டு நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் நியூ பெர்ன் போர் 1862 மார்ச் 14, வெள்ளிக்கிழமை நடந்தது. 'ஞாயிறு மாலை' என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு தாளில் 'நேற்று முன்தினம் நடந்த சண்டை' என்று வந்தால், மார்ச் 16 என்று துணிந்து குறிக்கலாம். அக்காலத்தவர் மாதத்தின் பெயரை எழுதாமல், 'இன்ஸ்ட்' என்று சுருக்கினால் இந்த மாதம், 'அல்ட்' என்று சுருக்கினால் சென்ற மாதம், 'பிராக்ஸ்' என்று சுருக்கினால் வரும் மாதம். மார்ச் 20-இல் எழுதிய கடிதத்தில் '14 இன்ஸ்ட்' என்பதும், ஏப்ரல் 2-இல் எழுதிய கடிதத்தில் '14 அல்ட்' என்பதும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. தொடக்கத்தில் இந்த மூன்றெழுத்தை நான் பொருட்படுத்தாமல் விட்டு, ஒரு போரை முழுதாக ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டேன். அதைப் பின்பற்றி அடுத்த ஐந்து கடிதங்களும் இடம் மாறின.

உறை கிடைத்தால் அதையும் படியுங்கள். அந்தக் கால அஞ்சல் முத்திரைகள் பலவற்றில் நாளும் மாதமும் இருக்கும், ஆண்டு இருக்காது. ஆனால் போர் தொடங்கிய 1861-இலேயே, தெற்கு மாநிலங்களில் சிக்கிய தபால்தலைகளை எதிரி பயன்படுத்தாதபடி வடக்கு அரசு பழைய தபால்தலைகளைச் செல்லாதவையாக்கிப் புதியவற்றை வெளியிட்டது. ஆகவே மூன்று சென்ட் தபால்தலையின் வடிவமே ஒரு கால எல்லையாக நிற்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. 1861 ஜூலையில் வந்த சட்டப்படி சாதாரண வீரர்கள் தபால்தலை ஒட்டாமலே கடிதம் அனுப்பலாம். பெறுபவர் பணம் கட்டினால் போதும். அதற்கு உறைமேல் 'வீரரின் கடிதம்' என்று எழுதி, ரெஜிமென்டின் மேஜரோ மேஜர் பொறுப்பில் இருப்பவரோ கையொப்பமிட வேண்டும். அதிகாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எனவே உறைமேல் மேஜர் கிளார்க்கின் கையொப்பத்தைக் கண்டதும் உள்ளே இருப்பது அவர் எழுதியது என்று குதித்துவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஏதோ ஒரு பண்ணைப் பையன் தன் தாய்க்கு எழுதியதாக இருக்கும்.

ஜப்பான் கடிதங்களில் வேறொரு சிக்கல். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மேற்கே கப்பலில் போகிறவர், பசிபிக் கடலின் நடுவே தேதிக் கோட்டைக் கடக்கும்போது ஒரு நாளை இழப்பார். திரும்பி வரும்போது ஒரே தேதி இரண்டு முறை வரும். கப்பலில் எழுதிய நாட்குறிப்புக் கடிதத்தில் ஒரு நாள் காணாமற்போனால் தாள் தொலைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஜப்பான் 1873-இலேயே மேலை நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், சப்போரோவில் போட்ட தேதிகளை மாற்றிக் கணக்கிட வேண்டிய தொல்லை இல்லை.

கையெழுத்து

அந்தத் தலைமுறையில் பலர் பயின்றது ஸ்பென்சர் முறை எனப்படும் சாய்வெழுத்து. பார்க்க அழகு; படிக்கத் தொடங்கினால் எல்லாக் கோடுகளும் ஒன்றுபோலத் தோன்றும். முதல் கடிதத்தைப் படிக்க முயலாமல், தெளிவாகத் தெரியும் சொற்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி ஓர் எழுத்துப் பட்டியல் செய்யுங்கள். தேதி வரி, விளி, கையொப்பம் ஆகிய மூன்றும் நமக்கு முன்பே தெரிந்தவை என்பதால், அவற்றிலிருந்தே பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் கிடைத்துவிடும். 'அன்பு மனைவிக்கு', 'உன் அன்புள்ள கணவன்', 'நலமாக இருக்கிறேன் என்று தெரிவிக்கப் பேனாவைக் கையில் எடுத்தேன்' என்பன போன்ற வாய்பாடுகள் நம்முடைய 'நலம், நலமறிய ஆவல்' போல எங்கும் வருபவை. அவற்றில் செய்தி எதுவும் இல்லை, ஆனால் எழுத்தைப் பழக அவற்றைவிட நல்ல பாடம் இல்லை. வழக்கமாக அப்படித் தொடங்கும் ஒருவர் ஒரு நாள் அந்த வரி இல்லாமல் தொடங்கினால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

'எஸ்' எழுத்து இரட்டித்து வரும் இடத்தில் முதல் எழுத்தை நீட்டி, 'எஃப்' போலத் தோன்றும்படி எழுதும் வழக்கம் அச்சில் மறைந்த பின்னும் கையெழுத்தில் பல ஆண்டுகள் தங்கியிருந்தது. 'மிஸ்' என்பது 'மிஃப்ஸ்' என்று தெரியும். அப்படியொரு குடும்பம் இருப்பதாகவே நம்பி நான் ஓர் அட்டையும் போட்டு வைத்திருந்தேன். ஊரில் மணமாகாத பெண்கள் எல்லோரும் அந்தக் குடும்பத்தில் பிறந்திருப்பதைக் கண்ட பிறகுதான் புத்தி வந்தது.

தாளையும் அஞ்சல் எடையையும் மிச்சப்படுத்த, பக்கத்தை ஒரு முறை எழுதி முடித்துவிட்டு, தாளைக் கால்வட்டம் திருப்பி, அதே பக்கத்தின் மேல் குறுக்காக மறுபடி எழுதுவார்கள். பார்த்ததும் மலைக்க வேண்டாம். படத்தைத் திருப்பி வைத்து ஒரு திசை வரிகளை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தால், மற்றது சிறிது நேரத்தில் பின்னணியாக மங்கிவிடும். ஒரு வெள்ளைத் தாளை வரிக்கு அடியில் திரைமேல் பிடித்துக்கொள்வது இதற்குக் கணினிக் கருவிகளைவிட நன்றாக உதவுகிறது.

கையெழுத்தைத் தானே படித்துத் தரும் டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் வரைவுக்கு அவை பயன்படும். ஆனால் புரியாத இடத்தில் அவை பொருத்தமாகத் தோன்றும் ஏதாவது ஒரு சொல்லை வைத்துவிட்டுச் சற்றும் தயங்காமல் மேலே போய்விடும். மனிதர் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுவார். பெயர், ஊர், எண் ஆகிய மூன்றையும் எப்போதும் உங்கள் கண்ணால் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

வேதியியல் சொற்கள்

பேராசிரியரின் கடிதங்களில் மற்ற வீரர்களின் கடிதங்களில் இல்லாத ஒரு வரம் இருக்கிறது: வேதியியல் குறியீடுகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கிளார்க் கோட்டிங்கனில் பிரடெரிக் வோலரிடம் பயின்றபோது பலரும் சமான எடைகளையே, அதாவது தனிமங்கள் ஒன்றோடொன்று சேரும் விகித எடைகளையே கையாண்டார்கள். ஆக்சிஜனுக்கு 8, கார்பனுக்கு 6. அந்தக் கணக்கில் தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும்தான். 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூஹ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோவின் வாதம் பரவிய பிறகு, ஆக்சிஜனுக்கு 16 என்ற அணு எடையும், தண்ணீருக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற வாய்பாடும் பையப் பைய நிலைபெற்றன. ஆகவே தேதி இல்லாத ஒரு துண்டுத் தாளின் ஓரத்தில் 'எச்-ஓ' என்று தண்ணீரைக் குறித்திருந்தால், அது பெரும்பாலும் 1860-களுக்குள்ளேயோ அதற்கு முன்போ எழுதப்பட்டது. இதை முடிவான சான்றாகக் கொள்ளாமல் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். கற்றதை மாற்றிக்கொள்ளப் பேராசிரியர்களுக்குச் சற்று அதிக காலம் பிடிக்கும்.

பெயர்களும் அப்படித்தான். 'விட்ரியால் எண்ணெய்' என்றால் கந்தக அமிலம்; 'மியூரியாட்டிக் அமிலம்' என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்; 'அக்வா ஃபோர்டிஸ்' என்றால் நைட்ரிக் அமிலம். 'கார்பானிக் அமிலம்' என்று அவர்கள் எழுதுவது பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடு வாயுவையே. அதன் நிழல்தான் நம் 'கரியமில வாயு' என்ற சொல்லில் இன்றும் இருக்கிறது. முகாம் கடிதத்தில் மருந்தாக வரும் 'கலோமெல்' நம் சித்த மருத்துவர்கள் பூரம் என்று சொல்லும் ரசச் சேர்மம். 1863 மே மாதத்தில் வடக்குப் படையின் தலைமை மருத்துவர் ஹாமண்ட் அதைப் படை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்; அதற்கு ஒரு மாதம் முன்பே கிளார்க் படையை விட்டு வந்துவிட்டார் என்பதால், அவருடைய முகாம் கடிதத்தில் அந்த மருந்து வந்தால் வியப்பதற்கில்லை.

இந்தச் சொற்களில் ஐயம் வந்தால் நான் திறப்பது ஒரு பழைய தமிழ் நூலை என்பதைச் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். கிளார்க்கின் ரெஜிமென்ட் திரட்டப்பட்ட அதே வூஸ்டர் நகரைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்து, வேதியியலைக் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875-இல் தமிழில் தந்தார். ஏறத்தாழ ஒரே வயதுடைய இரு மாசசூசெட்ஸ்காரர்களும் ஒரே காலத்து வேதியியலையே பேசினார்கள்.

மற்ற ஆவணங்களோடு உரசிப் பார்ப்பது

போரைப் பற்றிய ஒவ்வொரு கூற்றையும் குறைந்தது ஒரு வெளி ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க அரசு 1880 முதல் 1901 வரை 128 தொகுதிகளாக வெளியிட்ட போர் ஆவணத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு ரெஜிமென்டும் எந்த நாளில் எங்கே இருந்தது என்பதற்கு டையர் என்பவர் 1908-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. தனி வீரரின் சேவைக் குறிப்புகளும் ஓய்வூதியக் கோப்புகளும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேடும்போது இடப்பெயர்கள் உங்களை அலைக்கழிக்கும். வடக்கினர் அருகிலுள்ள ஓடையின் பெயரால் ஆன்டீட்டம் என்று சொன்ன போரைத் தெற்கினர் ஊரின் பெயரால் ஷார்ப்ஸ்பர்க் என்றார்கள். நியூ பெர்ன் என்ற ஊரை அன்று ஒரே சொல்லாகவும் எழுதினார்கள், இரண்டாகப் பிரித்தும் எழுதினார்கள், இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டியும் எழுதினார்கள். மூன்று வடிவங்களிலும் தேடினால்தான் தேடியதாகும்.

நியூ பெர்னையே எடுத்துக்கொள்வோம். அங்கே ரெஜிமென்டை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னலாக இருந்த கிளார்க். எதிரியின் பீரங்கி வரிசைமேல் பாய்ந்து, கைப்பற்றிய ஒரு பீரங்கியின் மேலேயே ஏறி நின்றார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. அதே போரில், ரெஜிமென்டின் அட்ஜுடன்டாக (தலைவரின் நிர்வாக உதவி அதிகாரியாக) இருந்த இளைஞர் ஃப்ரேசர் ஸ்டேர்ன்ஸ் சுடப்பட்டு இறந்தார். அவர் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரித் தலைவரின் மகன்; கிளார்க் பாடம் நடத்திய கல்லூரியின் மாணவர். வடக்குப் படையை அங்கே நடத்திய ஜெனரல் பர்ன்சைடு, கைப்பற்றிய பீரங்கி ஒன்றை அவர் நினைவாக அந்தக் கல்லூரிக்கே அனுப்பிவைத்தார். ஆம்ஹர்ஸ்டில் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத கவிஞர் எமிலி டிக்கின்சனும் தம் உறவினர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்த இறப்பைச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரே நாள் பல தாள்களில் பதிந்திருக்கும்போது, எல்லாவற்றையும் கலந்து ஒரு கதையாக்கிவிடாமல், ஒரு தாளை நெடுக்கில் பிரித்து அலுவல் அறிக்கைக்கு ஒரு பத்தி, மனைவிக்கு எழுதியதற்கு ஒரு பத்தி, ஊர்ச் செய்தித்தாளுக்கு ஒரு பத்தி என்று ஒதுக்கி எழுதிப் பாருங்கள். அறிக்கையில் இருந்து கடிதத்தில் இல்லாதது எது, கடிதத்தில் இருந்து அறிக்கையில் இல்லாதது எது என்று அப்போது தெரியும். மகனை இழந்த தலைவரின் கீழ் வேலை பார்த்தவர் அவருக்கு எழுதும்போது எந்தச் சொல்லை எடுத்திருப்பார் என்பதையும் அந்தப் பத்திகளின் முன் உட்கார்ந்துதான் யோசிக்க முடியும்.

செய்தித்தாளை ஏன் தனிப் பத்தியாக வைக்க வேண்டும் என்பதற்கு சாண்டிலி போதும். 1862 செப்டம்பர் 1, திங்கட்கிழமை, வர்ஜீனியாவில் இடியும் மழையுமாக இருந்த மாலையில் நடந்த அந்தச் சண்டையில் 21-ஆவது மாசசூசெட்ஸ் பெருத்த இழப்புக்கு உள்ளானது. கிளார்க் தம் படையிலிருந்து பிரிந்து, காட்டில் சில நாள் வழிதெரியாமல் அலைந்தார். அதற்குள் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஊருக்குப் போய், செய்தித்தாள் அவருக்கு இரங்கலும் எழுதிவிட்டது. அவரோ திரும்பி வந்து, அதே மாதம் 17-ஆம் தேதி ஆன்டீட்டத்தில் ரெஜிமென்டை நடத்தினார். இந்த வாரத்தைச் சேர்ந்த கடிதம் எதுவானாலும் அதில் எழுதிய நாளை மட்டும் குறித்தால் போதாது, வீட்டில் அது படிக்கப்பட்ட நாளையும் கணக்கிட வேண்டும். தந்தி ஒரே நாளில் போகும், கடிதம் பல நாள் எடுக்கும். ஆகஸ்டு இறுதியில் நலம் என்று எழுதிய ஒரு கடிதம், இரங்கல் செய்தி வந்த பின்பு வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாம். எழுதிய நாள் வரிசையில் அடுக்கினால் அது சாதாரணக் கடிதம். வந்து சேர்ந்த நாள் வரிசையில் அடுக்கினால் அதைக் கையில் வாங்கிய ஹேரியட்டின் முகம் நம் கண்முன் நிற்கும். ஆகவே என் பட்டியலில் எப்போதும் இரண்டு தேதிக் கட்டங்கள் உண்டு.

படியெடுத்தலும் தாளைக் காத்தலும்

படியெடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், நிறுத்தக்குறி சேர்க்காதீர்கள், அடித்ததை அடித்ததாகவே காட்டுங்கள். ஐயமான சொல்லைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு இடுங்கள். படிக்கவே முடியாததற்கு இடம் விடுங்கள். முடித்ததும் ஒருவர் மூலத்தைப் பார்க்க மற்றொருவர் படியை உரக்கப் படித்தால், கண்ணுக்குத் தப்பிய வரிகள் காதுக்குத் தப்பாது.

உங்கள் கையில் உண்மையான தாள்களே வந்து சேர்ந்தால், அவை இருந்த வரிசையை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் ஏதோ காரணத்துக்காக அப்படிக் கட்டியிருப்பார். துருப்பிடித்த ஊசிகளையும் ரப்பர் வளையங்களையும் மெல்ல நீக்குங்கள். ஒட்டுநாடா வேண்டாம், பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டுவது வேண்டவே வேண்டாம். கையுறையைவிடக் கழுவித் துடைத்த வெறுங்கையே தாளுக்கு நல்லது. குறிப்பெழுதப் பென்சில் மட்டும். போர்க்காலத் தாள் பெரும்பாலும் கந்தலிலிருந்து செய்யப்பட்டது என்பதால் இருபது ஆண்டு பிந்திய மரக்கூழ்த் தாளைவிட உறுதியாக இருக்கும். அவர்கள் எழுதியது இரும்பு மை. அன்னபேதியையும் மாசிக்காய்த் துவர்ப்பையும் சேர்த்துச் செய்தது. கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி நம்மவர்கள் காய்ச்சிய மைக்கும் இதே வேதியியல்தான். அந்த மை காலப்போக்கில் பழுப்பாகி, ஈரம் பட்டால் தாளையே அரித்துத் துளையிடும்; எனவே ஈரமற்ற, வெயில் படாத இடம் தேவை. பச்சைப் பளபளப்பான அட்டை இட்ட பழைய குறிப்பேட்டைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். அந்தக் காலப் பச்சை நிறங்கள் சிலவற்றில் ஆர்செனிக் உண்டு. முன்னே சொன்ன கெட்ஸி, சுவர்த்தாள்களில் இருந்த அந்த நஞ்சைப் பற்றி 1874-இலேயே மிச்சிகன் மக்களை எச்சரித்தவர்.

கடைசியாக ஒரு நோட்டு மிச்சமிருக்கிறது. வீரர் எழுதியதை வீட்டார் பெட்டியில் வைத்துக் காப்பார்கள். வீட்டிலிருந்து போன கடிதங்களோ மழையிலும் நடையிலும் முகாமிலேயே போய்விடும். அதனால் பெரும்பாலான தொகுப்புகளில் ஒரு குரல்தான் கேட்கிறது. 'உன் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்தது', 'நீ கேட்ட பணத்தைப் பற்றி', 'குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய்' என்று அவர் பதில் சொல்லும் ஒவ்வொரு வரியையும் தனி நோட்டில், தேதியோடு, மனைவியின் பக்கமாக எழுதி வாருங்கள். கிளார்க் சப்போரோவில் இருந்த காலத்தில் மகன் ஹூபர்ட்டுக்கு ஆறேழு வயதுதான். பிற்காலத்தில் நட்சத்திர மீன்களையும் கடல் முள்ளெலிகளையும் ஆராய்ந்து பெயர் பெற்ற விலங்கியலாளரானவர் இவரே. ஆம்ஹர்ஸ்டுக்கும் சப்போரோவுக்கும் இடையே ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப மாதங்கள் ஆகும். ஹேரியட் எந்த மாதத்தில் எதைக் கேட்டார், பதில் வருவதற்குள் எதைத் தாமே முடிவுசெய்துவிட்டார் என்பது அந்த இரண்டாம் நோட்டில்தான் சேரும். அது ஓரளவு நிரம்பியதும், கிளார்க்கின் முதல் கடிதத்தை எடுத்து நான் மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்கிறேன்.